ஆடியில் அழித்தவை

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. அலுவலகத்தில் தொலைபேசிகள் ஓய்ந்து கிடக்கின்றன. இந்த மாதம் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை, ஜாதகம் எடுப்பதில்லை. திருமணத் தகவல் மையத்தில் கணினிப் பொறுப்புக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மூச்சுவிட நேரம் கிடைப்பது ஆடியில்தான்.

முதலாளி பாலகுருநாதன் சார் காலையில் அறைக்குக் கூப்பிட்டார்.

"லோசனி, ஒரு வரன் தேடினா அரை நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள பார்ட்டி வேற கம்பெனிக்குப் போயிடுறான். ஆவணி பொறக்குறதுக்குள்ள சரி பண்ணிடும்மா."

காரணம் தெரிந்ததுதான். ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பதிவைக்கூட நாங்கள் அழித்ததில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவர்கள்கூட எங்களிடம் இன்னும் வரன்தான். வாசல் பலகையில் எண்ணிக்கை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சார்தான் விட்டுவைத்திருந்தார். இப்போது அவரே சொல்லிவிட்டார்: ஐந்து வருடமாகத் தொடாத பதிவு எல்லாம் போகட்டும். எண்ணிப் பார்த்தேன். நாலு லட்சத்துக்கு மேல்.

வீட்டில் மொட்டைமாடித் தொட்டி கசிகிறது. பிளம்பரிடம் சொல்லியிருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

நாலு லட்சத்தையும் ஒரே கட்டளையில் அழித்துவிட முடியாதா என்று சார் கேட்டார். முடியும். ஆனால் அது முடியும்வரை கணினி மொத்தப் பதிவுகளையும் பூட்டிக்கொள்ளும், புதிதாக வருகிறவர் யாரும் உள்ளே நுழைய முடியாது. பாதியில் நின்றுவிட்டாலோ அழித்ததை எல்லாம் திரும்ப வைக்க இன்னும் அதிக நேரம் பிடிக்கும். ஆகவே ஐயாயிரம் ஐயாயிரமாக எடுப்பது, கொஞ்சம் இளைப்பாற விடுவது, அடுத்த ஐயாயிரம். ஒவ்வொருவருக்கும் பின்னால் புகைப்படம், ஜாதகம், அனுப்பிய விருப்பம் என்று வால்கள் இருக்கின்றன. முதலில் வால், பிறகுதான் தலை. மாற்றிச் செய்தால் ஆள் இல்லாத ஜாதகங்கள் அந்தரத்தில் நிற்கும்.

கூட்டம் குறைந்த நேரம் எது என்று பார்த்தேன். தினமும் ஒன்றரை மணி நேரம் வருகை பள்ளம் மாதிரி இறங்குகிறது, அதுவும் நாளுக்கு நாள் வேறு நேரத்தில். கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. ராகுகாலம். ராகுகாலத்தில் யாரும் வரன் பார்ப்பதில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அழிக்க அதுவே நல்ல நேரம்.

ஜூலை 19, வெள்ளி

முன்னால் போன் எடுக்கும் பெண் ஒரு அழைப்பை எனக்கு மாற்றிவிட்டாள். அடங்கின குரல்.

"மேடம், என் பேரு பூங்கோதை. குளித்தலையிலேருந்து பேசுறேன். ஏழு வருசம் முன்னாடி எங்கண்ணன் என் பேரை உங்ககிட்ட பதிஞ்சு வச்சாரு. மறுமணம் பகுதியில. அதை எடுத்துடணும் மேடம்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு மேடம், வேற எடத்துல. நாலு வருசமாச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "மொதல்ல ஒண்ணு நடந்தது இவங்களுக்குத் தெரியாது. ஒரு மாசங்கூட அங்க இருக்கல நான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்ப உங்க சைட்டுல பொண்ணு பாக்குறாங்க. எங்க மாமியாரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு கூடவே உக்காந்து பாக்குறாங்க மேடம்."

இந்த மாதமே பழையது எல்லாம் மொத்தமாகப் போகப்போகிறது, உன்னுடையதும் போய்விடும் என்றேன்.

"இப்பவே முடியாதுங்களா?"

"ஒண்ணை மட்டும் தனியா எடுக்குறது அவ்வளவு சுலபம் இல்லம்மா. தேடினா வராத மாதிரி மறைச்சு வச்சுடுறேன். பயப்படாத."

மறைத்துவைத்தேன். தன் எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம், அழித்ததும் தையல்கடை ரமீஜா அக்காவிடம் சொன்னால் போதும் என்று ஒரு எண் தந்தாள். குறித்துக்கொண்டேன்.

பிளம்பர் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னதால் அரை நாள் விடுப்பு போட்டிருந்தேன். அவன் வரவில்லை.

ஜூலை 24, புதன்

தொட்டி சரியாயிற்று. அழிப்பதற்கான கட்டளைகளை எழுதி முடித்தேன்.

ஜூலை 31, புதன்

முழு நகல் எடுத்தாயிற்று. நகல் எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு இயந்திரத்தில் திருப்பிப் போட்டு, உயிரோடு எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காத நகலை நம்பி ஒரு வரிகூட அழிக்கக் கூடாது. என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

ரமீஜா என்கிற அந்தப் பெண்மணி போன் செய்தார். "கோதை கேக்கச் சொல்லுச்சு, முடிஞ்சிடுச்சாங்க?" இந்த வாரம் என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

அலுவலகம் விடுமுறை. நான் மட்டும் போனேன். நகலைப் பழைய இயந்திரம் ஒன்றில் போட்டு எழுப்பினேன். எழுந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். ஒத்திகையாக அந்த நகலில் ஐயாயிரம் அழித்தேன். வால், தலை எல்லாம் சுத்தமாகப் போயின.

நடுவில் குறுஞ்செய்தி அனுப்பும் பாதை கொஞ்ச நேரம் திறந்துகொண்டது. சில செய்திகள் போயிருக்கலாம். பார்த்ததும் மூடிவிட்டேன்.

மாலை என் கணவர் கருணாகரனோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். காவிரியில் தண்ணீர் படியைத் தொட்டு ஓடுகிறது. நிற்க இடமில்லை. புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட பெண்கள் மஞ்சள் முகத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ச் சாதத்தில் உப்பு கூடிவிட்டது. கருணாகரன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று 'சில' என்று எழுதியிருக்கிறேன். பதினோராயிரத்துச் சொச்சம்.

மறுமணப் பகுதியிலிருந்து விட்டுப்போன வாடிக்கையாளர்களைத் திரும்ப அழைக்கும் பழைய வேலை ஒன்று கணினியில் இருந்தது. மூன்று வருடம் முன்பு நிறுத்திவிட்டோம். நிறுத்தியது அசல் இயந்திரத்தில். நகலுக்கு அது தெரியாது. எழுந்ததும் எல்லாருக்கும் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டது. ஒரு பதிவை மறைத்துவைத்திருக்கிறேனா இல்லையா என்றுகூடப் பார்க்காது. போன் எண் இருந்தால் போதும்.

விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை விளம்பரம் வருகிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலிருந்து வசவு. ஒருவர், "எம் பொண்டாட்டி பக்கத்துலதான்யா நிக்கிறா, அவகிட்ட நீயே பேசு" என்று கத்தினார். போன் எடுக்கும் பெண் அழுதுவிட்டாள்.

சார் கேட்டார், "எப்படிம்மா போச்சு இது?"

"மெசேஜ் கம்பெனி பக்கம் ஏதாவது இருக்கலாம் சார்."

'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, எங்கள் குறுஞ்செய்திகளை அனுப்பித் தரும் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டுத் திட்டத் தொடங்கினார். கதவை மூடிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

அசல் அழிப்பை இன்று ஏழரை மணி ராகுகாலத்திலேயே தொடங்கியிருந்தேன். பூங்கோதையின் பதிவைத் தனியாக, முதலில் எடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லலாம் என்று ரமீஜாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மாலையில் பழைய இயந்திரத்தில் இருந்த நகலையும், எடுத்துவைத்த முழு நகலையும் அழித்தேன். தேவையில்லாததை வைத்திருக்க வேண்டாம் என்று அலுவலக வக்கீல் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அறுபதாயிரம் போயிற்று. நகல் கையில் இல்லாமல் நான் அழிப்பது இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மதியம் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் அழகேசன், குளித்தலையில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சார் அறையில் உட்காரவைத்து என்னையும் கூப்பிட்டார்கள்.

அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பெண்கள் வைத்துக்கொள்ளும் பூப்போட்ட உறை.

"ஆத்துக்குப் போயிருந்தோம் சார். அவ கயிறு மாத்திட்டுப் படியில நிக்கிறா. அவ போன்லதான் நான் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். அப்ப மேலேருந்து இது எறங்குது."

படித்தோம். *அன்புள்ள பூங்கோதை, உங்கள் மறுமணத்திற்கு ஏற்ற புதிய வரன்கள் காத்திருக்கின்றன.*

"எங்கம்மா என்னடான்னு வாங்கிப் பாத்துச்சு. சத்தமாப் படிச்சுச்சு. வீட்டுக்கு வந்து பேசக் கூடாததெல்லாம் பேசிடுச்சு. நான்... நான் ஒண்ணுமே பேசல சார். ரெண்டு நாளு ஒரு வார்த்த பேசல. கோவமா என்னான்னு எனக்கே தெரியல. திங்கக்கெழம மொத ட்ரிப் முடிச்சிட்டு வந்து பாத்தா ஆளில்ல. போன வச்சிட்டுப் போயிட்டா."

"எங்ககிட்ட என்னப்பா வேணும்?" என்றார் சார்.

"எனக்கு யாருமில்லன்னுதான் சொல்லிக் கட்டிக்கிட்டா. பதிஞ்சு வச்ச எடத்துல யாரோட அட்ரஸாவது இருக்கும்ல? அங்க போயிப் பாக்கணும்."

சார் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "அப்படி ஒரு பதிவே நம்மகிட்ட இல்லையே தம்பி. பாத்துக் காட்டும்மா" என்றார்.

நான் பெயரைத் தட்டினேன். ஊரைத் தட்டினேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். பதிவு ஏதும் இல்லை என்று வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பேரு எப்படி வந்துச்சு மேடம்?" என்று என்னிடம்தான் கேட்டார். சார் முந்திக்கொண்டு மெசேஜ் கம்பெனி குளறுபடி என்றார். அழகேசன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பதிவு இருந்திருந்தாலும் முகவரியைக் கொடுத்திருக்கக் கூடாது. அது விதி. வீட்டைவிட்டுப் போன பெண்ணின் இடத்தைத் தேடி வருகிற ஆளுக்குக் காட்டிக்கொடுக்க முடியுமா? நல்லவர் மாதிரி இருக்கிறார் என்பதற்காக?

ரமீஜாவின் எண் என்னிடம் இருக்கிறது. இன்று வேலை அதிகம்.

ஆகஸ்ட் 10, சனி

வேலை அதிகம் இல்லை. நேற்றும் இல்லை.

மூன்றாவது தடவை ரமீஜா எடுத்தார். "நீங்கதானா அந்த மேடம்? இந்த வாரம் அந்த வாரம்னு சொல்லியே அவ குடியக் கெடுத்துட்டீங்களே" என்றார். பூங்கோதை மணப்பாறையில் ரமீஜாவின் தங்கை வீட்டில் இருக்கிறாளாம். அரை மணி கழித்து அங்கிருந்து அழைப்பு வந்தது.

அவள் கணவர் வந்ததைச் சொன்னேன். தனியாகத்தான் வந்தார், நீ இருக்கும் இடத்தை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றேன்.

"என்ன சட்ட போட்டிருந்தாரு?"

"நீலம். கட்டம் போட்டது."

"தேச்சிருந்துச்சா?"

யோசித்தேன். "இல்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு கேட்டாள், "மேடம், நான் போன் பண்ணினேன்ல, அன்னைக்கே அழிச்சிருந்தா இது வந்திருக்காதா?"

"வந்திருக்காது."

"அன்னைக்கு முடியாதுன்னு சொன்னீங்களே."

"முடியும். பத்து நிமிஷ வேலை. நான் செய்யல. அந்த மெசேஜும் என் தப்பாலதான் போச்சு. வேற யாரும் காரணம் இல்ல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரிங்க மேடம்" என்றாள். வாடிக்கையாளர்கள் வழக்கமாகச் சொல்வது மாதிரியே. வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வருத்தம் தெரிவித்து எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடலாம் என்றார் சார். நம்மிடம் எண்கள் இல்லாவிட்டாலும் மெசேஜ் கம்பெனியிடம் அந்தப் பதினோராயிரமும் இருக்கிறதாம். 'எங்கள் மறுமணச் சேவையிலிருந்து தவறுதலாக வந்த செய்திக்கு வருந்துகிறோம்.' எழுதியே வைத்திருந்தார்.

"வேண்டாம் சார்."

"ஏம்மா? மரியாதையா இருக்குமில்ல?"

"இன்னொரு தடவை அதே போன்ல எறங்கும் சார். மொத தடவ யாரும் பாக்காமத் தப்பிச்சவங்க இந்தத் தடவ மாட்டுவாங்க."

அவர் யோசிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். அப்போதுதான் சொன்னேன். நகலை எழுப்பும் முன் குறுஞ்செய்தி இணைப்பைப் பிடுங்கியிருக்க வேண்டும், அது என் வேலை, திருவிழா நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் விட்டேன். பூங்கோதை முன்னாலேயே கேட்டாள், தள்ளிப்போட்டேன். நகலை அழித்தது வக்கீல் சொன்னதற்காக இல்லை, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

சார் பேனாவை மூடினார். "இத்தன நாள் எங்கம்மா வச்சிருந்த இத?" என்றார். பிறகு, "சரி, வெளியில போக வேண்டாம். மெசேஜ் கம்பெனி தப்புன்னு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும்."

வெளியே வந்து அந்தக் கம்பெனியின் ஷாநவாஸைக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, மின்னஞ்சலில் எழுதித் தருகிறேன், அந்த எண்களை உங்கள் பக்கமும் அழித்துவிடுங்கள் என்றேன்.

"அழிச்சிடலாம் மேடம்" என்றார். "ஆனா, அன்னைக்கு ட்யூட்டில இருந்த ஆளை நாங்க அனுப்பிட்டோம். அவன் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தான்."

"திரும்பக் கூப்பிடுங்க. நான் பேசறேன்."

"கூப்பிடுறேன். வர்றானான்னு தெரியல."

மின்னஞ்சலை அனுப்பினேன். சாருக்கும் ஒரு பிரதி.

ஆகஸ்ட் 14, புதன்

கருணாகரனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "வேலை போயிடுமா?" என்றார். தெரியாது என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி. ஆவணி 1

நாலு லட்சமும் போய்விட்டது. தேடினால் கண் இமைப்பதற்குள் வந்து விழுகிறது. சார் என்னிடம் வேலை விஷயமாக மட்டும் பேசுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். எனக்கும் வந்தது.

போன் விடாமல் அடிக்கிறது. பதினோராயிரம் பேரில் எனக்குத் தெரிந்தது ஒருத்தி. மற்ற வீடுகளில் என்ன நடந்தது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவுக்குச் சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பூங்கோதை பேசினாள். குளித்தலைக்குத் திரும்பி மூன்று நாள் ஆயிற்றாம்.

"அவரு எல்லாம் கேட்டாரு மேடம். சொல்லிட்டேன். மொதல்ல கட்டின ஆளுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்துச்சு, அதான் நான் வந்துட்டேன். அவரு நம்புறாரு. அத்ததான் நம்பல. நான்தான் ஓடி வந்திருப்பேங்குறாங்க. எங்கண்ணன் உங்ககிட்ட பதியும்போது காரணமெல்லாம் எழுதிக் கொடுத்துச்சு. அண்ணன் இப்ப இல்ல. அது ஒண்ணைக் காட்டினா..."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அழிச்சிட்டீங்களா மேடம்?"

"அழிச்சிட்டேன்."

"நகல் கிகல்?"

"அதையும்."

"நீங்க படிச்சிருப்பீங்கல்ல? அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னாவது..."

மறைத்துவைத்தபோதும், அழித்தபோதும், இரண்டு முறை அந்தப் பக்கம் என் முன்னால் திறந்திருந்தது. எண்ணைச் சரிபார்த்தேன். படிக்கவில்லை. அதையும் சொன்னேன்.

"நான் வந்து உங்க அத்தைகிட்ட பேசட்டுமா?" என்று கேட்டேன். எதைப் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலை பஸ்ஸில் குளித்தலை போய் வந்தேன்.

ரயில் பாதை ஓரம் ஓட்டு வீடு. வாசலில் மஞ்சள் வேன். அழகேசன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பார்வையைத் திருப்பிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவருடைய அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியிலிருந்து இறக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தக் கல்யாண ஆபீசா?"

"ஆமாம்மா."

முதல் கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். உங்கள் மருமகள் சொல்வது உண்மையா இல்லையா என்று காட்ட என்னிடம் எந்தத் தாளும் இல்லை, இருந்ததை நானே அழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆடி பிறந்த மூன்றாம் நாள் இந்தப் பெண் எனக்குப் போன் செய்து, தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. அழகேசன் வந்து கேட்டபோது வெற்றுத் திரையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டேன்.

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"கெஞ்சினாளா?"

"இப்பவே முடியாதான்னு கேட்டா. அப்புறமும் ஆளை விட்டுக் கேட்டா."

"புருசனுக்குப் பயந்தா?"

கதவுக்குப் பின்னால் பூங்கோதை நிற்பது தெரிந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வீட்டுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "உங்களுக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியில் ஒரு சரக்கு ரயில் வந்து, முழு நீளமும் கடந்து போயிற்று. அது போய் முடித்ததும் அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போனார். நான் நின்றேன். எனக்குக் காப்பி வரவில்லை, தண்ணீர் வரவில்லை. உள்ளே மாமியாரும் மருமகளும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார் அழகேசன்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.